சூலத்தின் அடியில் ஒரு தழும்பு

ஓகர்பானி
கார்த்திக் 10, இரவு

மதிப்பிற்குரிய மூத்தார் அவர்களின் பாதங்களில் உங்கள் தம்பி மனைவி மேனுகாவின் வணக்கம்.

இந்த அகால வேளையில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். அத்தை கண்ணயர்ந்த பிறகுதான் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதற்குக் காரணம் மடியில் கிடக்கும் நானி. கீழே படுக்கவைத்தால் இருமுகிறாள், தூக்கிக்கொண்டால் தூங்குகிறாள்.

இங்கு அனைவரும் நலம், அங்கு நலமா என்றுதான் தொடங்க வேண்டும். அந்த வரியை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்துவிட்டேன். மூன்றாவது தாள் இது. நலம் விசாரிக்காமலே தொடங்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி மனைவி மூத்தாருக்கு எதிரே நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது நம் வீட்டுக் கட்டு. ஆறு வருஷத்தில் உங்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நீங்கள் தண்ணீர் கேட்டால்கூட அத்தை கையில்தான் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சம்பந்தம் பேசும்போது, பெண் பி.ஏ. படித்தவள், எதிர்த்துப் பேசுவாள் என்று உங்கள் மாமா இழுத்தாராம். அதற்கு நீங்கள், "படிச்ச பொண்ணுன்னா நல்லதுதானே மாமா, அம்மாவுக்கு லெட்டர் எழுத ஒரு ஆள் ஆச்சு" என்றீர்களாம். அத்தை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். இதுவரை உங்களுக்கு வந்த கடிதமெல்லாம் அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதியது. இது நானாக எழுதுவது. அத்தைக்குத் தெரியாது.

தபாலில் போடவில்லை. உங்கள் பட்டாளப் பாசறைக்கு வரும் தபாலைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று உங்கள் வீட்டு அக்கா சொல்லியிருக்கிறார். தட்டார் பஹல்மான் வெள்ளி வாங்க நாளை விடியற்காலை டவுனுக்குக் கிளம்புகிறார். அக்காவுக்கு அக்ரோட்டுக் கொட்டை கொடுத்தனுப்புகிறேன், பையின் அடியில் இது இருக்கும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

வீட்டுச் செய்தி. கறுப்பு எருமை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மக்காச்சோளம் இந்த வருஷம் பரவாயில்லை. ஆனால் காட்டிலிருக்கும் பையன்கள் வந்து மூன்று மூட்டை கேட்டு வாங்கிப் போனார்கள். ஏன் கொடுத்தீர்கள் என்று மறுநாள் சீருடைக்காரர்கள் வந்து அதட்டினார்கள். அத்தை அவர்களிடம், "இதோ எரும கட்டிக் கெடக்கு, அதையும் ஓட்டிட்டுப் போயிடுங்கப்பா. கறக்குற வேல எனக்கு மிச்சம்" என்றார்கள். அதில் ஒருவன் சிரித்துவிட்டான். நான் கதவுக்குப் பின்னால் நானியின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடம் திறக்கவில்லை.

எனக்குப் பால் வற்றிக்கொண்டு வருகிறது. நானி உறிஞ்சிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுகிறாள். ஐந்து மாதத்துக் குழந்தை மாதிரியே இல்லை, தொடை சூம்பிக் கிடக்கிறது. சுகாதார நிலையத்தில் இருக்கும் பெண், "சோறு குழைச்சுக் குடுக்க ஆரம்பிங்க தீதி, இனி தாங்காது" என்று சொல்லிவிட்டாள். கஞ்சித் தண்ணீராவது கொடுக்கலாமா என்று கேட்டதற்கு அத்தை, "கஞ்சித் தண்ணி மட்டும் என்ன, சோறு இல்லாம வானத்துல இருந்தா வருது?" என்றார்கள். சோறூட்டுச் சடங்கு நடக்காமல் ஒரு பருக்கை வாயில் படக் கூடாது. புரோகிதர் கார்த்திக் 22 நல்ல நாள் என்று குறித்துக் கொடுத்திருக்கிறார். இன்னும் பன்னிரண்டு நாள். தள்ளிப்போட முடியாது, மூத்தார். இரவில் எழுந்தெழுந்து அவள் மூக்கின் அருகே விரல் வைத்துப் பார்க்கிறேன்.

இப்போது அந்தத் தங்கக் காசைப் பற்றி எழுத வேண்டும்.

அத்தை கல்யாணத்தில் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்த சுரேந்திர மகாராஜா காலத்து அசர்பி இரண்டு. ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. அக்காவுடையதில் சூலம் நிமிர்ந்து நிற்கும். என்னுடையது அப்படியில்லை. என் காசில் அரசர் பெயரும் சூலமும் இருக்கும் பக்கமும் பூ இருக்கும் பக்கமும் ஒரே போக்கில் அச்சாகவில்லை. பஹல்மானுக்கு எழுத்து தெரியாது. பூப் பக்கத்தைப் பார்த்து மேல் எது கீழ் எது என்று முடிவு செய்து, வளையத்தைப் பற்றவைத்துவிட்டார். கழுத்தில் போட்டுத் திருப்பினால் சூலம் தலைகீழாகத் தொங்கியது. நான் புதுப்பெண். அத்தை அவரை முற்றத்தில் நிற்கவைத்து, "சிவன் சூலத்தையே கவுத்துப்புட்டியே, ஒன் குடும்பம் வெளங்குமா?" என்று கேட்ட கேள்வி மூன்று வீட்டுக்குக் கேட்டது. அவர் வளையத்தை வெட்டி எடுத்தார். ஆனால் பற்றவைக்க உருக்கிய பொடி சூலத்தின் அடியில் ஒரு சிறிய மேடாக நின்றுவிட்டது. தேய்த்தால் தங்கம் போகும் என்று அத்தை தேய்க்க விடவில்லை.

போன வருஷம் வீடு வீடாகச் சோதனை வர ஆரம்பித்ததும், நானும் உங்கள் தம்பியும் அந்தக் காசை அவருடைய கையில்லாத கம்பளிக் கோட்டின் காலருக்குள் வைத்துத் தைத்தோம். நான் தைத்தேன், அவர் விளக்குப் பிடித்தார். எங்கே இருக்கிறது என்று அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. அடித்துக் கேட்டால் கிழவி சொல்லிவிடுவாள், சொல்லாவிட்டால் அடி வாங்குவாள், இரண்டும் வேண்டாம் என்றார்.

புஸ் மாதத்தில் சீருடைக்காரர்கள் அவரை அழைத்துப் போனார்கள். காட்டுப் பையன்கள் கூட்டம் போடப் பள்ளிக்கூடச் சாவி கொடுத்தாராம். துப்பாக்கியை நீட்டிக் கேட்டால் யார் கொடுக்க மாட்டார்கள்? "சும்மா ரெண்டு வார்த்தை பேசணும் மாஸ்டர். காலைல டீக்கு வந்துடுவாரு தங்கச்சி, பயப்படாத" என்று அவர்களில் ஒருவன் என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குளிருமே என்று அந்தக் கோட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் போட்டுக்கொண்டார். காலரை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவர்கள் எதிரில் கோட்டைத் திரும்பக் கேட்க முடியாது. அப்போது நான் நான்கு மாதம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை, பொறுமையாக இருங்கள் என்று மாக் மாதம் எழுதினீர்கள். இருந்தோம். அத்தை தினமும் இரண்டு வேளையும் தன் இளைய மகனுக்குச் சோறு எடுத்து மூடிவைப்பார்கள். மறுநாள் எருமைக்குப் போடுவார்கள். "கான்சா வர்ற நேரத்துல ஒலை வச்சுக்கிட்டு நிக்க முடியுமா?" என்பார்கள்.

தசைன் பண்டிகைக்கு நீங்கள் வந்தீர்கள். அத்தை தயிரும் அரிசியும் குங்குமமும் குழைத்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் திலகம் வைத்துக்கொள்ளவில்லை. "பாசறையிலேயே வச்சுக்கிட்டேம்மா" என்றீர்கள். "பத்துப் பேரு வச்சாலும் பெத்தவ வைக்கிற மாதிரி ஆகுமா? குனிடா ஜேட்டா" என்று அதட்டி, முளைப்பயிரைத் தலையில் செருக உங்கள் தொப்பியை எடுத்தார்கள். நான் சமையலறைக் கதவோரம் இருந்தேன். உங்கள் தலை பட்டாளத்தில் வெட்டிவிடும் தலை இல்லை. மழித்து, நெல் நீளத்துக்கு வளர்ந்திருந்த தலை. அத்தையின் கை அதன் மேல் அப்படியே நின்றது. பிறகு தொப்பியைத் திரும்ப வைத்துவிட்டு, "ஒனக்குக் காய்ச்சல் அடிக்குது, போய்ப் படு" என்றார்கள். எனக்கு அப்போது ஒன்றும் ஓடவில்லை. காய்ச்சல் என்றே நினைத்தேன். கஷாயம் போட்டு அனுப்பினேன்.

மறுநாள் நானியின் தலைமாட்டில் ஒரு தாளில் மடித்து அந்த அசர்பியை வைத்துவிட்டுப் போனீர்கள். டவுனில் ஒரு கடையில் கண்ணில் பட்டது, சோறூட்ட ஆகும் என்று வாங்கினேன் என்று அத்தையிடம் சொல்லியிருந்தீர்கள். நீங்கள் மலையிறங்கிப் போன பிறகுதான் தாளைப் பிரித்தேன். சுரேந்திர மகாராஜா அசர்பி ஊரில் எத்தனையோ உண்டு. ஒரே அச்சில் அடித்தவை ஆயிரம் இருக்கும். அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு விரலால் தடவினேன். சூலத்தின் அடியில் மேடு இல்லை. சந்தோஷமாகிவிட்டது, வேறு காசு என்று. ஆனால் வெளிச்சத்தில் பார்த்தபோது அந்த இடத்தில் பொடி வழிந்து, விளிம்புவரை ஓடி உறைந்திருந்தது.

விற்றிருப்பார் என்று நினைத்தேன். எப்படியோ தப்பித்து, எங்கோ எல்லையைத் தாண்டி, கைச்செலவுக்கு விற்றிருக்கிறார், கடைக்காரன் தேய்க்கப் பார்த்திருக்கிறான், அது சுற்றிச் சுற்றி உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. மூன்று நாள் இதை வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன், மூத்தார். நானியிடம்கூடச் சொன்னேன்.

நான்காம் நாள், சடங்குக்குக் காசைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சாக்குச் சொல்லி பஹல்மான் முற்றத்துக்குப் போனேன். "என்ன கான்சி, மாமியா திட்டுனது பத்தாதுன்னு நீ வேற திட்ட வந்தியா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கினார். பார்த்த மாத்திரத்தில், "அட, எங் கைத் தப்பு! ஊரே சிரிச்ச காசாச்சே. இது ஏன் இப்படி..." என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரர்கள் யாராவது உருக்கப் பார்த்திருப்பார்களா என்று நானே கேட்டேன். "ஊதுகுழல் வச்சு ஊதுனா ஒரு எடத்துலதான் சூடு விழும். இது காசு முழுக்கச் சுட்டிருக்கு. ரொம்ப நேரம் சுட்டிருக்கு. தங்கம் தாங்கிக்கிச்சு, நான் வச்ச பொடிதான் தாங்கல" என்றார். என்ன நெருப்பு மாமா என்றேன். "வெறகு நெருப்பு" என்றார். காசைத் துடைத்து என் கையில் வைத்துவிட்டு, அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

போகிறவர் வாயில் தங்கம் வைத்து அனுப்புவது நம் வழக்கம். வழியில் நடந்து வரும்போது எனக்கு உங்கள் தலை நினைவு வந்தது. துக்கம் காப்பவர்போல் நீங்கள் வைத்துக்கொள்ளாத திலகம் நினைவு வந்தது. நீங்கள் வந்த அன்று இரவிலிருந்து அத்தை சோறு எடுத்து மூடிவைப்பதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. நான்கு நாளாகப் பாத்திரம் கழுவுகிறவள் நான். அந்தத் தட்டு கழுவ வரவில்லை என்று கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அத்தையிடம் கேட்டேன். நேராகக் கேட்கவில்லை. மூத்தாருக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா, அந்தக் காசு எந்தக் கடையில் வாங்கினது என்று விசாரிக்கட்டுமா என்றேன். அத்தை புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை. "கேக்காத கான்சி. கேட்டா பதில் வந்துடும்" என்றார்கள். கொஞ்ச நேரம் புடைத்தார்கள். பிறகு, "எனக்கு ரெண்டு புள்ளைங்க. ஒருத்தன் சீருடையில இருக்கான். அவன் என்ன செஞ்சான்னு காத்து வழியா ஒரு சொல்லு போனாப் போதும், அவனையும் காலைல டீக்கு வந்துடுவான்னு கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார்கள். நான் அழ ஆரம்பித்தேன். "இப்ப அழாத. நீ அழுதா தீட்டு வந்துடும். தீட்டு வந்தா இருவத்திரெண்டாந் தேதி போயிடும். புள்ள வாயில மொதல்ல சோறு போகட்டும். அப்பறம் ரெண்டு பேரும் சேந்து அழலாம், எவ்வளவு வேணும்னாலும் அழலாம்" என்றார்கள். நானியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எருமையிடம் போய்விட்டார்கள்.

அத்தை சொல்வது சரிதான். ஆனால் என்னால் முடியவில்லை. கையில் சிவப்பு வளையல் கிடக்கிறது. வகிட்டில் காலையில் குங்குமம் வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது. வைத்துக்கொள்ளாமல் இருந்தால் அது வேறு பயம். இருக்கிறவரை இல்லாதவராக்கிய பாவம் யாரைச் சேரும்? தீஜ் அன்று கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் அவர் ஆயுசுக்காக விரதம் இருந்தேன். மழித்த தலையில் முடி நெல் நீளம் வளர எத்தனை நாளாகும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறேன். தீஜுக்கு முன்னாலும் வருகிறது, பின்னாலும் வருகிறது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு நாள் இந்த வீட்டில் இருந்தீர்கள். அம்மா முகத்தைப் பார்த்தீர்கள், நானியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தீர்கள், கடையில் வாங்கினேன் என்றீர்கள். ஆனால் கோபம் வரும்போதெல்லாம் இன்னொன்றும் வருகிறது. இந்த வருஷம் எத்தனை வீட்டில் ஆள் போய், விறகு கிடைத்ததா, மண் கிடைத்ததா என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் தம்பிக்கு நெருப்புக் கிடைத்திருக்கிறது. வாயில் பொன் கிடைத்திருக்கிறது. பதின்மூன்று நாள் உப்பில்லாமல் சாப்பிட்டு, யார் கண்ணிலும் படாமல் தலை மழித்துக்கொண்ட ஒரு அண்ணன் கிடைத்திருக்கிறார். சாம்பலைக் கிளறி இதைத் தேடி எடுத்த கையை நினைக்கும்போது, கடைக் கதை சொன்ன வாயை என்னால் வைய முடியவில்லை.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. காலருக்குள் காசு இருப்பது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. பிரித்துப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு நெருக்கமாகத் தைத்திருந்தேன். அப்படியானால் அவர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் பேசுகிற நிலையில் நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். பெண் பிறந்த செய்தி அதற்கு முன்பே உங்களுக்கு எழுதியாகிவிட்டது. நீங்கள் சொல்லியிருப்பீர்கள். கட்டாயம் சொல்லியிருப்பீர்கள். மூக்கு அவருடையது என்று நான் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தேன், அதையும் சொன்னீர்களா?

முதலில் அந்தக் காசைக் குழந்தை வாயருகே கொண்டுபோவதை நினைத்தாலே உடம்பு கூசியது. அத்தை அதைக் கறந்த பாலில் போட்டு வைத்திருக்கிறார்கள், தினமும் பாலை மாற்றுகிறார்கள். இன்று சாயங்காலம் நானே மாற்றினேன். முதல் கவளம் அப்பா ஊட்ட வேண்டும். 22ஆம் தேதி இதில் தொட்டுத்தான் பாற்சோறு ஊட்டுவோம். வேறு காசு தேடப்போவதில்லை.

நடந்த இடம் எது, யார் செய்தது, எப்படி, ஒன்றும் வேண்டாம். எழுதவும் வேண்டாம். யாராவது கண்ணில் பட்டால் உங்களுக்கு ஆபத்து. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் நீங்கள் வேண்டும். அத்தைக்கு மிச்சமிருப்பது நீங்கள்தான்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அந்தப் பெயரை நான் வாயில் எடுத்ததில்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் பார்த்தால்கூட மனதுக்குள் படிக்காமல் தாண்டிவிடுவேன். இன்று எழுதுகிறேன். ஹிக்மத் பகதூர். எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் தம்பிக்கு மகன் இல்லை. வருஷா வருஷம் எள்ளும் தண்ணீரும் விட இந்த வீட்டில் நாள் தெரிய வேண்டும். ஆகவே திதியை மட்டும் எழுதுங்கள். எந்த மாதம், எந்தப் பக்ஷம், எந்தத் திதி. கடிதம்கூட வேண்டாம், ஒரு துண்டுத் தாள் போதும். அப்படி ஒரு திதியே இல்லையென்றால், நான் பைத்தியக்காரி என்றால், அதையும் ஒரு சொல்லில் எழுதுங்கள். உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன், ஜன்மம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பஹல்மான் டவுனில் ஆறு நாள் இருப்பார். அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். நானி வாயில் சோறு போகும்வரை அழ மாட்டேன் என்று அத்தைக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி,
மேனுகா